வெல்டா லாஷ்லியின் பலகை வீடு

ஆஸ்வின் கிட்டன்ஸ் இறந்த காலையில் வெல்டா என்னிடம் முதலில் கேட்டது சவப்பெட்டியைப் பற்றி அல்ல. நான் அவருடைய தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் கால்மாட்டில் நின்று போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஓரா, இனிமே நான் இந்த வீட்டுல இருக்கலாம்ல?"

"உன் வீடுதானே."

"வீடு என்னோடது. மண்ணு அவரோடது."

"முதல்ல அவரைக் குளிப்பாட்டுவோம். தண்ணியைச் சூடு பண்ணு."

சூடு பண்ணினாள். இதைக் கேட்டுவிட்டு யாரும் வெல்டாவைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைக்க வேண்டாம். முதியோர் வார்டிலும், அதன்பிறகு வீடு வீடாகவும் நர்ஸாக நான் பார்த்த வேலையில், சாவு விழுந்த அறையில் கேட்கப்படும் முதல் கேள்வி பெரும்பாலும் இந்த வகைதான். வீடு யாருக்கு, வங்கியில் இருப்பதை யார் எடுக்கலாம், எடுத்து வளர்த்த பிள்ளைக்குப் பங்கு உண்டா, கனடாவில் இருக்கும் அண்ணன் வந்தால் நான் வெளியே போக வேண்டுமா. கேட்பவர்கள் அழுதுகொண்டேதான் கேட்பார்கள். எனக்குப் படுக்கைப்புண் தெரியும், சட்டம் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிடுவேன். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்பவர்கள் எங்கள் ஊரான சாண்டர்ஸ் கேப்பில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் ஸ்கீட்டின் ரம் கடையில் உட்கார்ந்திருப்பார்கள்.

வெல்டா பிறந்தது கரும்புத் தோட்டத்து மண்ணில். அவள் அம்மா தோட்டத்தில் களை எடுத்தாள். மண்ணுக்கு வாடகை, அதன்மேல் நிற்கும் பலகை வீடு மட்டும் சொந்தம். தோட்டத்து மேலாளரோடு வாய் கொடுத்தால் காலி செய் என்று ஆள் வரும். உடனே ஆணிகளைப் பிடுங்கி, பக்கம் பக்கமாகச் சுவர்ப் பலகைகளைக் கழற்றி, கூரைத் தகரத்தை இறக்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வேறொரு தோட்டத்துக்குப் போக வேண்டும். வெல்டாவின் அம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் வெல்டா வயதுக்கு வருவதற்குள் பலமுறை தன் வீட்டோடு லாரியில் போனவள். அம்மா பலகைகளின் மேல் உட்கார்ந்து மடியில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துக்கொள்வாள், உடையாமல் இருக்க. வெல்டாவின் மடியில் கோழி.

"காலையில ஒரு ஊருல எழுந்து அதே கட்டில்ல ராத்திரி வேற ஊருல படுப்போம்" என்று சொல்லுவாள். "ஜன்னலைத் திறந்தா மட்டும் தெரியும், இது வேற இடம்னு."

பள்ளிக்கூடம் முடிந்ததும் கான்செட் கடற்கரைக்கு மீன் வேலைக்குப் போனாள். பறக்கும் மீனில் முள் எடுப்பது அவள் தொழில். முதுகைப் பிளந்து, மெல்லிய கத்தியால் உள்முள்ளையெல்லாம் வழித்து, மீனை ஒரு புத்தகம்போல் விரித்து வைப்பாள். நின்றபடி செய்யும் வேலை. கால் நரம்பு முடிச்சு, விரல்களில் வெடிப்பு, உப்பில் எரியும் கண். திருமணம் ஆகவில்லை. பிள்ளை இல்லை. சேர்த்த பணத்தில், கனடாவுக்குக் குடிபோன ஒரு பள்ளி ஆசிரியையிடம் பலகை வீடு ஒன்றை வாங்கினாள். இரண்டு கூரை வீடு. முன்பக்கம் ஒரு கூரையின் கீழ் வரவேற்பறையும் படுக்கையறையும், அதற்குப் பின்னால் இன்னொரு கூரையின் கீழ் இரண்டு அறைகள். ஜன்னல்களுக்குப் பச்சைக் கதவு. வாங்கிவிட்டாள், ஆனால் வைப்பதற்கு இடம் இல்லை.

ஆஸ்வின் கிட்டன்ஸ் கரும்பு லாரி ஓட்டுபவர். கரும்பு வெட்டு இல்லாத மாதங்களில் மீன் ஏற்ற வருவார். அவருக்கு மர்டில் என்று ஒரு மனைவி இருந்தாள். மகன் நெவிலைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்கு ஆஸ்பத்திரி வேலைக்குப் போனவள், பின்பு கிறிஸ்துமஸுக்கு அட்டை மட்டும் அனுப்பினாள், பின்பு அதுவும் இல்லை. அவள் போன கொஞ்ச நாளில் அவளுடைய அண்ணன்மார் லாரியோடு வந்து, இது எங்கள் அம்மா வீடு என்று சொல்லி, ஆஸ்வின் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் சாயங்காலம் திரும்பியபோது அடுக்கி வைத்த கற்களும், அவருடைய கட்டிலும், துவைக்காத சட்டையும் மட்டும் இருந்தன. பல வருஷம் தகரக் கொட்டகை ஒன்றில் காலம் தள்ளினார். பிறகு குடியிருக்கும் மண்ணைத் தோட்டத்திடமிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தபோது அந்த மனையைத் தன் பெயரில் வாங்கினார்.

"அவருகிட்ட மண்ணு இருந்துச்சு, வீடு இல்ல. என்கிட்ட வீடு இருந்துச்சு, மண்ணு இல்ல. எங்க காதல் கதை அவ்வளவுதான்" என்பாள் வெல்டா.

அவள் வீடு லாரியில் சாண்டர்ஸ் கேப்புக்கு வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. கூரையில் படாமல் இருக்க மின்கம்பியைக் கம்பால் தூக்கிப் பிடித்தவர்களில் என் கணவரும் ஒருவர். பழைய கற்களின் மேலேயே வைத்தார்கள். ஊரே பார்த்தது. அந்த வீடு யாருடையது என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

பிறகு எல்லோரும் செய்வதை அவர்களும் செய்தார்கள். எங்கள் தீவில் பலகை வீட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் கல்சுவர்க் கனவு உண்டு. கையில் காசு வந்தால் வீட்டின் பின்னால் சிமென்ட் கல்லில் ஒரு சமையலறை. அடுத்த முறை காசு வந்தால் ஒரு குளியலறை. சமையலறையை வெல்டா மீன் காசில் கட்டினாள். ஆஸ்வினுக்குப் பக்கவாதம் வந்தபின் குளியலறையையும் அவள்தான் கட்டினாள். பலகைத் தடுப்பில் சக்கர நாற்காலி நுழையாது என்று நான் அளந்து சொன்னேன். கதவை அகலமாக வைத்தாள், தரையைச் சொரசொரப்பாக விட்டாள், சுவரில் பிடிக்கக் கம்பி பதித்தாள். நான் வேலை பார்த்த வீடுகளில் அதைவிட நல்ல குளியலறை நான் பார்த்ததில்லை.

அந்த நாட்களிலேயே நான் அவளிடம் சொன்னேன், ஒரு வக்கீலைக் கூப்பிட்டு உயில் எழுதச் சொல் என்று. ஆஸ்வினுக்கு வாய் கோணினாலும் பேச்சு புரியும்.

"உயில் எழுதச் சொல்றியா? எனக்கு நாள் குறிச்சிட்டியா, பொண்ணே?" என்றார் வெல்டாவைப் பார்த்து.

"நான் சொல்லல, ஓரா சொல்றா."

"நர்ஸுக்கு எல்லாரும் செத்தாத்தான் லீவு."

"எனக்கு லீவு வேண்டாம். மர்டிலைப் பத்திக் கேக்கறேன். அவ இன்னும் உங்க பொண்டாட்டியா இல்லியா?" என்றேன்.

"ஏழு வருஷம் தாண்டினா கல்யாணம் தானா முடிஞ்சுபோகும். அது எப்பவோ தாண்டியாச்சு. இதுக்கு ஒரு வக்கீலுக்குத் தண்டம் அழணுமா?"

வெல்டா தலையாட்டினாள். அவளும் அதைத்தான் நம்பினாள். ஊரே நம்பியது. நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. அன்று அவருக்கு மலச்சிக்கல், எனக்கு அதுதான் பெரிய வேலையாக இருந்தது.

அடக்கம் முடிந்த மறுவாரம் இங்கிலாந்திலிருந்து தொலைபேசி வந்தது. நெவில் பேசினான். மரியாதையாகத்தான் பேசினான். அப்பா போனதற்கு வருத்தம் என்றான். அம்மா ஊர் திரும்ப நினைக்கிறாள், மனையைப் பற்றிப் பேச வருகிறாள் என்றான். வெல்டா ஃபோனை வைத்துவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். மதியம் வெய்யில். வழியில் ஸ்கீட் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் அவளை நிறுத்தித் தீர்ப்புச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவளோடு நான் திரும்பி நடந்தபோது எனக்கும் சொன்னார்கள்.

"ஏழு வருஷத்துல கல்யாணம் செத்துடும், நர்ஸ். சட்டம்" என்றான் ஸ்கீட், கண்ணாடிக் குவளையைத் துடைத்துக்கொண்டு.

"எந்தச் சட்டம்?"

"எல்லாருக்கும் தெரிஞ்ச சட்டம்."

"எங்க எழுதியிருக்கு?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதை எதுக்கு எழுதணும்?"

"மண்ணு வரி யாரு கட்டினது, வெல்டாவா? அப்ப மண்ணு வெல்டாவுக்குத்தான். முடிஞ்சுது கதை" என்றான் டோமினோ ஆடிக்கொண்டிருந்த இன்னொருவன்.

"நீயும் உன் மச்சான் மண்ணுக்கு வரி கட்டினியே, இப்ப எங்க படுத்துக்கறே?" என்றான் ஸ்கீட்.

"அது ஜட்ஜ் சரியில்ல."

சிரித்தார்கள். வெல்டா சிரிக்கவில்லை. அவளுக்கு வயது அறுபத்தாறு. வேறு போக்கிடம் இல்லை. இருக்கலாமா கூடாதா என்பதற்கு ஒரு பதில் வேண்டும், யாராவது பொறுப்பாகச் சொல்ல வேண்டும். மறுநாள் பிரிட்ஜ்டவுனுக்குப் பஸ் ஏறினோம்.

வக்கீல் மிஸ் ட்ராட்மன் சின்னப் பெண். மேசையில் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட், மேசைக்கு அடியில் காலணியைக் கழற்றிய கால்கள். எங்களுக்கு முன்னால் உள்ளே போனவர்கள் அண்ணன் தம்பி இருவர், வெளியே வரும்போது தனித்தனியாக வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கும் அலுப்பு தெரிந்தது. ஆனால் கவனமாகக் கேட்டாள்.

"இறந்தவர் கல்யாணம் ஆனவரா?"

"ஆனவர். ஏழு வருஷத்துல முடிஞ்சுபோச்சு" என்றாள் வெல்டா.

மிஸ் ட்ராட்மன் பேனாவைக் கீழே வைத்தாள். "இதை எனக்கு வாரத்துக்கு ஒருத்தராவது சொல்றாங்க. மிஸ் லாஷ்லி, கல்யாணம் தானா முடியாது. ரெண்டுல ஒருத்தர் சாகணும், இல்லேன்னா கோர்ட் முடிச்சு வைக்கணும். கோர்ட்டுக்குப் போனாங்களா?"

"இல்ல."

"உயில்?"

"இல்ல."

"அப்ப மண்ணு அவரோட மனைவிக்கும் மகனுக்கும் போகும்."

"அவ போனப்புறம் வாங்கின மண்ணு. அவ கண்ணால பார்த்ததுகூட இல்ல."

"அது கணக்குல வராது."

"நான் அவரோட இருபத்தெட்டு வருஷம் இருந்தேன். கடைசி அஞ்சு வருஷம் அவருக்கு மூத்திரத் துணி மாத்தினேன்."

"தெரியுது. அவர் விவாகரத்து வாங்கியிருந்தா, நீங்க சேர்ந்து வாழ்ந்ததைச் சட்டம் எண்ணியிருக்கும். உங்களை மனைவி இடத்துல வச்சிருக்கும். ஆனா கல்யாணம் உயிரோட இருக்கற ஆம்பளைகூட எத்தனை வருஷம் இருந்தாலும் எண்ணாது."

வெல்டா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

"வீடு?" என்றாள்.

"வீடு யார் வாங்கினது?"

"நான். லாரில வந்துச்சு. ஊரே பார்த்துச்சு."

"எது மேல நிக்குது? சிமென்ட் அடித்தளமா?"

"வெறும் கல்லு மேல."

"அப்ப அது அசையும் சொத்து. உங்க கட்டில் மாதிரி, அடுப்பு மாதிரி. நீங்க எடுத்துக்கலாம்."

வெல்டா மூச்சு விட்டாள். பிறகு கேட்டாள், "பின்னாடி இருக்கற சுவரு? சமையலறை, குளியலறை?"

"அது மண்ணோட சேர்ந்தது. மண்ணு யாருக்கோ அவங்களுக்கு."

"நான் கட்டினது."

"யார் கட்டினாலும். அதுக்குச் செலவழிச்சதைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம். உங்களுக்கு நியாயம் இருக்கு. ஆனா நாளாகும்."

"எத்தனை நாளு?"

"சொல்ல முடியாது."

"எனக்கு அவ்வளவு நாளு இருக்கா?"

"அதையும் என்னால சொல்ல முடியாது, மிஸ் லாஷ்லி." அந்தப் பெண் கிண்டலாகச் சொல்லவில்லை. "ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. பலகையும் சுவரும் ஒட்டிக்கிட்டு நிக்குது. நாளைக்கு மகன் வந்து, இது எல்லாம் ஒரே வீடு, மண்ணோட சேர்ந்ததுன்னு வாதாடலாம். நாள் போகப் போக அவன் வாதம் பலமாகும். எடுக்கறதா இருந்தா அந்த அம்மாகிட்ட பேசி, அவங்க சம்மதத்தோட, சீக்கிரம் எடுங்க. சொல்லாம கொள்ளாம ராத்திரில கழட்டாதீங்க."

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வெல்டா, "ஒரு விவாகரத்து. அவ்வளவுதான் வேண்டியிருந்துச்சு. அந்த மனுஷன் டோமினோல விட்ட காசுல ரெண்டு விவாகரத்து வாங்கியிருக்கலாம்" என்றாள்.

மர்டில் கிட்டன்ஸ் வந்தபோது நான் அங்கே இருந்தேன். மருத்துவமனைக்குச் சொந்தமான சக்கர நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க எடுக்கப் போயிருந்தேன். டாக்ஸியிலிருந்து இறங்கியவள் எழுபதைத் தாண்டியவள், தடித்த காலுறை, தேவாலயத் தொப்பி. கணுக்கால்கள் இரண்டும் பானைபோல் வீங்கியிருந்தன. நான் முகத்தைப் பார்க்கும் முன்பு காலைத்தான் பார்த்தேன். படியேற முடியாமல் நின்றாள். அந்த நாற்காலியிலேயே உட்காரவைத்து பின்பக்கத்து அகலக் கதவு வழியாகச் சமையலறைக்குள் தள்ளினேன். வேறு வழி இல்லை.

வெல்டா மாபி ஊற்றி வைத்தாள். குளிர்ந்த கசப்புப் பானம். மர்டில் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினாள்.

"நாப்பது வருஷமாச்சு நல்ல மாபி குடிச்சு."

"இங்கயே இருந்திருந்தா தினமும் குடிச்சிருக்கலாம், மிஸ்ஸிஸ் கிட்டன்ஸ்" என்றாள் வெல்டா. மிஸ்ஸிஸ் என்பதை அழுத்திச் சொன்னாள்.

"அவரு தினமும் எதைக் குடிச்சாருன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்." மர்டில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள். "இங்க பாரும்மா, நான் சண்டைக்கு வரல. இங்கிலாந்துல, ரெடிங்ல, அடுத்தவங்க ஆஸ்பத்திரித் தரையைத் துடைச்சே என் முட்டி போச்சு. குடியிருக்கறது மூணாவது மாடி. லிஃப்ட் பாதி நாளு ஓடாது. நெவிலுக்கு அவன் குடும்பம். எனக்கு இந்த மண்ணு இருக்குன்னு நெவில் பார்த்த வக்கீல் சொன்னப்பதான் எனக்கே தெரியும். இல்லன்னா யாரு வரப்போறா?"

"எனக்கும் வேற இடம் இல்ல."

"போன்னு சொன்னேனா? நீ இரு. முன்பக்கம் நீ இரு, பின்பக்கம் நான் இருக்கேன். மண்ணு வாடகை ஏதாச்சும் குடு. நான் இருக்கற வரைக்கும் யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"உங்களுக்கு அப்புறம்?"

"நெவில் பார்த்துப்பான்."

"என்ன பார்த்துப்பான்?"

மர்டில் குவளையைப் பார்த்தாள். பொய் சொல்லக்கூடிய பெண் இல்லை அவள், அல்லது அன்று அதற்குத் தெம்பு இல்லை. "விப்பான்" என்றாள்.

வெல்டா அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். அழுக்கே இல்லாத அடுப்பு. துடைத்து முடித்தபின் சொன்னாள்.

"அப்ப நான் எடுத்துக்கறேன்."

"எதை?"

"என் வீட்டை. பலகை என்னோடது. சுவரு உங்களுக்கு. வக்கீல் அப்படித்தான் சொன்னா. நீங்க சரின்னு சொல்லணும்."

"முன்பக்கம் இல்லாம வெறும் சமையலறையும் குளியலறையும் வச்சுக்கிட்டு நான் என்னடி பண்றது?"

"உங்க அண்ணன்மார் வீட்டைத் தூக்கிட்டுப் போனப்ப ஆஸ்வின் வெறும் கல்லை வச்சுக்கிட்டு என்ன பண்ணாரோ, அதைப் பண்ணுங்க."

மர்டில் அவளை முறைத்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள், இருமல் வரும்வரை. "அவங்க கட்டிலையாவது விட்டுட்டுப் போனாங்களா?"

"கட்டிலும் ஒரு சட்டையும்."

"எங்க பெரியண்ணனுக்கு நல்ல மனசு. சின்னவனா இருந்தா சட்டையையும் எடுத்திருப்பான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எடுத்துக்கோ. என் அம்மா வீடுன்னு நாங்க எடுத்தோம். உன் வீடுன்னு நீ எடு. வக்கீல் பேப்பர் கொண்டாந்தா கையெழுத்துப் போடறேன்."

அவள் காலைக் கீழே தொங்கவிட வேண்டாம் என்று சொல்லி ஒரு பெட்டியைப் போட்டுக் காலைத் தூக்கி வைத்துவிட்டு நான் கிளம்பினேன். நாற்காலியை அன்று எடுத்துப்போக முடியவில்லை.

வெல்டா இடம் தேடினாள். பள்ளத்துப் பக்கம் மிஸ்ஸிஸ் யியர்வுட் என்பவளுக்கு ஒரு துண்டு மண் காலியாக இருந்தது. வாடகைக்குக் கொடுத்தாள். குழாய் கிடையாது, தெருமுனைப் பொதுக்குழாயில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். வெல்டா பரவாயில்லை என்றாள். அவள் அம்மா வாழ்ந்த மாதிரியே இனி அவளும் வாழப்போகிறாள், அடுத்தவர் மண்ணில், சொந்தப் பலகைக்குள். இதை அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஹோல்டர் தன் ஆட்களோடு வந்தான். வீடு கழற்றுவதும் பூட்டுவதும் அவன் தொழில். வெல்டா விடியும்போதே எழுந்து, பதினொரு மணிச் சாப்பாட்டுக்காகப் பெரிய பானையில் சோளமாவும் வெண்டைக்காயும் கிண்டி, குழம்பில் மீன் போட்டு வைத்திருந்தாள். வீடு தூக்குபவர்களுக்குச் சோறு போடாமல் யாரும் வீடு தூக்குவதில்லை. மர்டில் சீமைப்பலா மரத்தடியில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஸ்கீட் கடையே எழுந்து வந்து வேலியில் சாய்ந்திருந்தது.

முன்கூரை சேதமில்லாமல் கழன்றது. தகரம் இறங்கியது, முகப்பு இறங்கியது, பச்சைக் கதவு ஜன்னல்களோடு பக்கச் சுவர் முழுதாக இறங்கியது. நல்ல பழைய மரம். ஆணியைப் பிடுங்கும்போது மரம் கத்தியது, அவ்வளவு இறுக்கம்.

பிறகு பின்கூரை. ஹோல்டர் உள்ளே போய், சுவரை ஒட்டியிருந்த பலகையில் சுத்தியலால் தட்டினான். நின்றான். மறுபடி தட்டினான். வெளியே வந்து தொப்பியைப் பின்னால் தள்ளினான்.

"மிஸ் வெல்டா, கொஞ்சம் வாங்க."

நானும் போனேன். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பலகையில் வைத்து அழுத்தினான். பிடிவரைக்கும் உள்ளே போயிற்று, வெண்ணெயில் போவதுபோல். இழுத்தபோது தூள் கொட்டியது.

"சுவரு ஈரத்தைக் குடிச்சு மரத்துக்குக் குடுத்திருக்கு. அப்புறம் கறையான். சுவரு கட்டின நாள்லேர்ந்து தின்னுக்கிட்டிருக்கும்."

"போன கிறிஸ்துமஸுக்குத்தான் பெயின்ட் அடிச்சேன்."

"பெயின்ட்டுதான் நிக்குது."

வெல்டா ஸ்க்ரூ டிரைவரை அவன் கையிலிருந்து வாங்கினாள். அடுத்த பலகையில் குத்தினாள். போயிற்று. மூலைத் தூணில் குத்தினாள். போயிற்று. மேலே உத்தரத்தில் ஒரு நாற்காலியில் ஏறிக் குத்தினாள். அதுவும் போயிற்று. ஒவ்வொன்றாக, அந்தப் பின்கூரையின் எல்லாப் பலகையையும் குத்திப் பார்த்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"ரெண்டு கூரையில ஒண்ணுதான் வரும், மிஸ் வெல்டா. இதைக் கழட்டினா கையிலயே உதிரும். புதுப் பலகை வாங்கினா கட்டித் தரேன்."

"புதுப் பலகைக்கு எங்க போவேன்?"

ஹோல்டர் சுத்தியலை இடுப்பில் செருகினான்.

மர்டில் மரத்தடியிலிருந்து குரல் கொடுத்தாள். "என்ன ஆச்சு, நர்ஸ்?"

"பாதி உளுத்துப்போச்சு" என்றேன்.

"யாரோட பாதி?"

"அவளோட பாதி."

மர்டில் தொப்பியைச் சரி செய்துகொண்டாள். வெல்டா நாற்காலியிலிருந்து இறங்கி, பாவாடையில் ஒட்டிய தூளைத் தட்டினாள்.

"நல்லா இருக்கறதை ஏத்துங்க" என்றாள். "மீதியை விறகுக்கு வெட்டுங்க. சோறு ஆறுது, முதல்ல சாப்பிடுங்க."

பிற்பகலில் ஒரு கூரை மட்டும் லாரியில் போயிற்று. அவள் முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பள்ளத்து மண்ணில் நான்கு பக்கமும் நிறுத்திக் கூரை போட்டபின் ஹோல்டருக்கு மனது கேட்கவில்லை போலிருக்கிறது. என்னிடம் மீதி சிமென்ட் இருக்கிறது, சும்மாவே அடியில் போட்டுத் தருகிறேன், காற்றில் ஆடாமல் நிற்கும் என்றான்.

"வேண்டாம்."

"காசு வேண்டாம் மிஸ் வெல்டா."

"காசுக்குச் சொல்லல. கல்லு மேலயே வை. ஒரு மூலையிலயும் சிமென்ட் படக்கூடாது."

அப்படியே வைத்தான். அவள் சுற்றி வந்து, குனிந்து, ஒவ்வொரு கல்லின் அடியிலும் கையைவிட்டுப் பார்த்தாள். அன்றிரவு என் வீட்டில் படு என்றேன், கதவுக்குப் பூட்டு இன்னும் போடவில்லை. இல்லை என்றாள். இடுப்பில் வலி மாத்திரை தடவி விடச் சொன்னாள். மாத்திரையைத் தடவ முடியாது, தைலம்தான் தடவலாம் என்றேன். அவளுக்கு அவ்வளவு களைப்பு.

இது நடந்து கொஞ்ச மாதமாகிறது. வெல்டா இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் கான்செட்டுக்குப் போய் முள் எடுக்கிறாள், மற்ற நாள் கால் விடுவதில்லை. ஒரு கூரை வீட்டில் அடுப்பும் பாத்திரமும் கட்டிலும் போட்டபின் ஒரு நாற்காலிக்குத்தான் இடம் இருக்கிறது. நான் போனால் அவள் கட்டிலில் உட்காருவாள். குளிக்க வாளியில் தண்ணீர் தூக்குகிறாள்.

மேலே பழைய மனையில் நெவில் பணம் அனுப்பி, சமையலறையின் திறந்த பக்கத்தைப் புதுப்பலகை வைத்து அடைத்தான். மர்டில் சமையலறையில் படுக்கிறாள். அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் சக்கர நாற்காலி. அவள் காலில் புண் வந்திருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் நான் போய்க் குளிப்பாட்டிக் கட்டுப் போடுகிறேன். ஒரு நாள் சொன்னாள், வெல்டாவை இங்கே வந்து குளிக்கச் சொல், வாளி தூக்குவதைத் தெருவில் எல்லோரும் பார்க்கிறார்கள், என்னைத்தான் பேசுகிறார்கள் என்று. நான் அதை அப்படியே வெல்டாவிடம் சொன்னேன்.

"என் குளியலறையில நான் குளிக்க அவ எனக்கு அனுமதி தர்றாளா?"

"அவ குளியலறை" என்றேன். "சட்டப்படி."

"அப்ப அவளே குளிக்கட்டும்."

ஆனால் ஒவ்வொரு முறையும் நான் மேலேயிருந்து இறங்கி வரும்போது வாசலில் நிற்கிறாள். மர்டிலின் காலைப் பற்றிக் கேட்பதில்லை.

"குழாய் ஒழுகுதா?"

"ஒழுகல."

"கம்பி ஆடுதா? அவ கனமான பொம்பளை."

"ஆடல."

"தரை வழுக்குதா?"

"வழுக்கல."

"வழுக்காது" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு பொதுக்குழாய்க்குப் போகிறாள்.